நாண் எவருக்கு உரியது?

ஒரு சமூகம் ஒழுக்கத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளது என்பதை அதன் நீதி நூல்களைக் கொண்டு மட்டுமன்றி, அது தன் நோயாளரை நோக்கும் முறைமையைக் கொண்டும் அறியலாம். நோய்கள் யாவும் உடலையே தாக்குகின்றன. ஆயினும் எல்லா நோய்களும் ஒரே வகையாக மதிக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சமூகம் அம்மை நோயை ‘அம்மாள் வருத்தம்’ எனப் பெயரிட்டு, வீட்டு வாசலிலே வேப்பிலை செருகி, நோயுற்றவரைத் தெய்வத்தின் பார்வைக்கு உட்பட்டவராகக் கருதிப் பேணியது. சலரோகமும் பிரஷரும் திண்ணையிலும் கோயில் வீதியிலும் தயக்கமின்றிப் பேசப்படுகின்றன. நாளொன்றுக்கு விழுங்கும் குளிசைகளின் எண்ணிக்கைகூட ஒருவகைப் பெருமையுடன் ஒப்பிடப்படுவதுண்டு. கருப்பைக் கழுத்திலே தோன்றும் புற்றுநோய் பற்றிய பேச்சோ பெரும்பாலும் தாழ்ந்த குரலிலே தொடங்கி, ஆண்கள் வரும் அரவம் கேட்டதும் நின்றுவிடுகின்றது. இறப்பு நேர்ந்த வீட்டிலும் ‘வயிற்றிலே ஏதோ வருத்தம்’ என்பதற்கு மேல் ஒன்றும் கூறப்படாது போவதுண்டு.

இம்மௌனத்துக்குக் காரணம் நாணம் என்பது வெளிப்படை. நாணம் தமிழ் மரபிலே நற்பண்பாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஆயின் ஒரு நற்பண்பு உயிரிழப்புக்கு வழிகோலுமாயின், அப்பண்பிலே குறை உளதா, அன்றி அதனை விளங்கிக்கொண்ட முறையிலே குறை உளதா என்ற வினா எழுகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இவ்வினாவை எழுப்புவதற்கு ஏனைய நோய்களிலும் பார்க்கத் தகுதி வாய்ந்தது. இது வருமுன் தடுக்கத்தக்கது. வருவதற்கு முந்திய நிலையிலேயே கண்டறியத்தக்கது. தொடக்கத்திலே கண்டறியப்படின் குணப்படுத்தத்தக்கது. அவ்வாறிருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 660,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 350,000 பேர் இறந்தனர். இறந்தோருள் மிகப் பெரும்பாலோர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உடைய நாடுகளைச் சேர்ந்தோராவர். தடுக்கத்தக்கதொன்றினால் ஒருத்தி இறக்கும்போது பொறுப்பாளர் எவர்? நாணவேண்டியவர் எவர்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நோயின் இயல்பு

ஒழுக்கவியல் ஆராய்ச்சிக்கு முன்னர் நோயின் இயல்பைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளல் தகும். இப்புற்றுநோயின் மிகப் பெரும்பகுதி மனிதப் பப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்.பி.வி.யின் தொற்றினால் விளைவது. இவ்வைரசில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் ஏறத்தாழப் பன்னிரண்டு வகைகளே புற்றுநோயை உண்டாக்கும் ஆற்றல் மிக்கவை. 16ஆம், 18ஆம் வகைகள் மட்டுமே இந்நோயின் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமாகின்றன. ஜெர்மனிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனும் அவருடைய குழுவினரும் 1983ஆம் ஆண்டிலும் 1984ஆம் ஆண்டிலும் இவ்விரு வகைகளையும் பிரித்தறிந்தனர். அதற்காக அவருக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசிலே பங்கு வழங்கப்பட்டது.

இத்தொற்று மிகப் பரவலானது. பாலுறவு வாழ்க்கையில் ஈடுபடும் ஆண்களிலும் பெண்களிலும் ஏறக்குறைய அனைவருமே வாழ்நாளில் ஒரு தடவையாவது இதற்கு உட்படுகின்றனர். பெரும்பாலானோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதனைத் தானே அகற்றிவிடுகின்றது. ஒரு சிலரில் மட்டும் தொற்று நிலைத்து நின்று, கருப்பைக் கழுத்தின் உயிரணுக்களைச் சிறிது சிறிதாக மாற்றுகின்றது. அம்மாற்றம் புற்றுநோயாக முதிர்வதற்குச் சாதாரணமாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவரிலே அது விரைவுபடும். இக்காலம் முழுவதிலும் நோவில்லை, குருதிப்போக்கில்லை, அறிகுறி எதுவுமில்லை. அறிகுறி தோன்றும்போது நோய் பெரும்பாலும் முதிர்ந்திருக்கும்.

ஒழுக்கவியல் நோக்கில் இந்த நீண்ட இடைக்காலமே கருதத்தக்கது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே கணப்பொழுதே உள்ள விபத்திலே எவரும் குறுக்கிட இயலாது; அதனை ஊழ் எனக் கூறி அமைதியடைதல் ஒருவாறு பொருந்தும். பதினைந்து ஆண்டுகள் இடைவெளியுள்ள ஒரு நிகழ்ச்சியிலே, ஒவ்வோர் ஆண்டும் எவரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்திருக்கலாம். கிரேக்க நாட்டிலே பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றிய ஜோர்ஜ் பப்பனிகொலாவ் என்பார், கழுத்துப் பகுதியிலிருந்து எடுக்கப்படும் உயிரணுக்களை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கி மாற்றங்களை முன்னரே அறியலாம் என்பதை 1940களில் உறுதியாக நிறுவினார். அவர் பெயரால் வழங்கும் பப் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே தேவை. மாற்றம் காணப்படின், மாறிய இழையத்தை உறையச் செய்தோ வெப்பத்தினால் அழித்தோ சிறிதளவு வெட்டியகற்றியோ நோயை அதன் தொடக்கத்திலேயே நிறுத்திவிடலாம். ஆகவே இந்நோயினால் நேரும் இறப்பு ஒரு நாளிலே நேர்வதன்று. பல ஆண்டுகளாகச் செய்யாது விடப்பட்டவற்றின் திரட்சியே அது.

எண்ணிக்கையும் தீர்ப்பும்

இந்நோயோடு ஒழுக்கக் குற்றம் என்ற எண்ணம் பிணைக்கப்பட்ட வரலாறும் நோக்கத்தக்கது. இத்தாலியிலே வெரோனா நகரின் இறப்புப் பதிவுகளை 1760ஆம் ஆண்டு முதல் 1839ஆம் ஆண்டு வரை ஆராய்ந்த ரிகோனி ஸ்டேர்ன் என்ற மருத்துவர், கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிலே மிகுதியாகவும் கன்னித் துறவியரிலே அரிதாகவும் காணப்படுவதை 1842இல் வெளியிட்டார். அது வெறும் எண்ணிக்கை. பிற்காலத்தார் அவ்வெண்ணிக்கையிலிருந்து ஒரு தீர்ப்பை வருவித்துக்கொண்டனர். பாலுறவோடு தொடர்புடைய நோயாதலின் அது தகாத உறவின் விளைவாகவே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் மருத்துவரிடையிலும் பொதுமக்களிடையிலும் பரவியது.

வெரோனாவின் பதிவுகள் உண்மையிலே கூறியது இதற்கு மாறானது. அங்கு இறந்தோர் சமூகம் விதித்த நெறியிலே நின்று, மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மனைவியராவர். ஒழுக்கத்தின் பேரால் இந்நோயைக் கண்டிப்பவர், திருமணத்தையே கண்டிக்கவேண்டிய இக்கட்டுக்கு ஆளாகின்றனர். மேலும், வாழ்நாளிலே ஒரே ஒருவருடன் மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இத்தொற்று ஏற்படலாம். தொற்று பல ஆண்டுகள் அறியப்படாமலே உடலிலே தங்கியிருத்தலும் கூடும். ஆகவே ஒரு பரிசோதனையின் முடிவைக் கொண்டு ஒருத்தியின் நடத்தையையோ அவள் கணவனின் நடத்தையையோ அளவிட முயல்வது அறிவியலுக்கும் நீதிக்கும் ஒவ்வாதது. எவரிடமிருந்து, எப்போது என்ற வினாவுக்கு இவ்வைரஸ் விடையளிப்பதில்லை.

இங்கு மற்றொரு சமமின்மையும் உளது. இவ்வைரசை ஆணும் காவுகின்றான். ஆணுறுப்பிலும் தொண்டையிலும் அவனுக்கும் அது புற்றுநோயை உண்டாக்கவல்லது. எனினும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் வேதனையும் அதனோடு சேர்ந்த பழியும் பெண்ணுக்கே உரியனவாக ஒதுக்கப்பட்டுள்ளன. இருவர் உடலிலே உலவும் ஒன்றுக்கு ஒருவரை மட்டும் நாணவைப்பது எந்த நீதி? அவுஸ்திரேலியா 2007இல் சிறுமியருக்கும் 2013 முதல் சிறுவருக்கும் பாடசாலைகளிலே இத்தடுப்பூசியை ஏற்றத் தொடங்கியமை, பொறுப்பு இருபாலாருக்கும் உரியது என்ற கருத்தின் நடைமுறை வடிவமாகக் கொள்ளத்தக்கது.

நாணத்தின் இரு வகை

நாணம் பற்றித் தமிழ்ச் சிந்தனையிலே தெளிவான ஒரு வேறுபாடு நெடுங்காலத்துக்கு முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. திருக்குறளின் நாணுடைமை அதிகாரம், தகாத செயல் காரணமாக நாணுதலையே நாண் எனக் கொண்டு, பெண்டிரின் இயல்பான கூச்சத்தை அதனின்றும் வேறானது எனப் பிரித்துக் காட்டுகின்றது. வள்ளுவர் கருத்துப்படி ஒழுக்கத்தோடு தொடர்புடைய நாண் செயலைப் பற்றியது, உடலைப் பற்றியதன்று. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. சான்றோரின் அணியாகக் கூறப்படுவதும் அதுவே.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டபோதே குழப்பம் தோன்றியது எனலாம். செயலுக்கு உரிய நாண் உடலின் மேல் ஏற்றப்பட்டது. உடலின் ஒரு பகுதியே குற்றமுடையது போலக் கருதப்பட்டது. கருப்பைக் கழுத்திலே உயிரணுக்கள் மாறுவது ஒரு செயலன்று, அதிலே விருப்பமில்லை, தெரிவில்லை. விருப்பமும் தெரிவும் இல்லாதவிடத்துக் குற்றமுமில்லை. குற்றமில்லாதவிடத்து நாணுதலை வள்ளுவர் வகுத்த பொருளிலே நாண் எனல் பொருந்தாது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் 1978இல் வெளியிட்ட நூலிலே, நோயைப் பிறிதொன்றின் குறியீடாகக் கொள்ளும் வழக்கம் நோயாளரின் துன்பத்தைப் பெருக்குகின்றது என்று வாதிட்டார். காசநோயையும் புற்றுநோயையும் பற்றி அவர் கூறியது இந்நோய்க்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றது.

எனினும் கூச்சத்தை மடமை என்று ஒதுக்கிவிடுதலும் முறையன்று. தன் உடலை அயலார் பார்வையினின்றும் காத்துக்கொள்ளும் விருப்பம் மனித மாண்பின் ஒரு கூறு. அது தற்காலத்திலே அந்தரங்கத்துக்கான உரிமை எனப் பெயர் பெற்று மதிக்கப்படுகின்றது. கிராமத்துப் பெண்ணிடம் காணப்படும்போது அதனையே அறியாமை எனக் கூறுவோர், ஒரே பொருளுக்கு இரு அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றனர். கூச்சத்தை ஒழித்த பின்னரே சிகிச்சை என்பதிலும் பார்க்க, கூச்சத்தை மதித்தே சிகிச்சை என்பதே அறத்துக்கு அண்மையானது. இது இயலாததொன்றுமன்று. பெண் உத்தியோகத்தர், மறைப்புள்ள தனியறை, வாய் காக்கும் ஊழியர் ஆகிய மூன்றும் அமையுமாயின் தடையின் பெரும்பகுதி நீங்கும். எச்.பி.வி.யை நேரடியாகக் கண்டறியும் பரிசோதனையிலே பெண் தானே மாதிரியை எடுத்துக் கொடுக்கும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டின் வழிகாட்டலிலே ஏற்றுக்கொண்டது.

தமிழ் மொழியிலே இவற்றைப் பேசச் சொற்கள் இல்லை என்றும் கூறுவதற்கில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மாணவருக்குத் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். 1850களிலேயே பிரசவ வைத்திய நூலொன்று அவர் முயற்சியால் தமிழாக்கப்பட்டது. கருப்பை பற்றிப் பழிப்பும் குழைவுமின்றி எழுதும் உரைநடை இந்த மண்ணிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உருவாகிவிட்டது. குறைந்திருப்பது சொல் வளமன்று. அச்சொற்களை வீட்டிலும் வகுப்பறையிலும் வழங்கும் துணிவே.

ஊழ் என்ற கருத்தும் இவ்விடத்திலே குறுக்கிடுவதுண்டு. ‘தலைவிதி’ என்றும் ‘முன்வினை’ என்றும் கூறி அமைதல் சைவ மரபிலே வந்தோருக்கு இயல்பு. ஆயின் ஊழின் வலிமையைத் தனி அதிகாரமாகக் கூறிய வள்ளுவரே ஆள்வினையுடைமையையும் மருந்தையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்பது அவர் கொள்கை. ஊழை நம்புதல் கிளினிக்குக்குப் போகாதிருப்பதற்குப் போதிய காரணமாகாது.

வேலணையிலிருந்து நோக்குதல்

மேற்கூறியவை பொதுக் கருத்துகள். அவற்றைக் குறிப்பிட்டவோர் இடத்திலே பொருத்திப் பார்க்கும்போதே அவற்றின் வலுவும் குறையும் புலப்படும். யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட தீவிலே அமைந்த இவ்வூர், பண்ணைப் பாலத்தினூடாக யாழ்ப்பாண நகருடன் இணைந்துள்ளது. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் படகேறிக் குறிகட்டுவானிலே இறங்குவோர் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்தே நகரை அடைதல் வேண்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவக மக்களுள் மிகப் பலர் போரினால் இடம்பெயர்ந்தனர். திரும்பி வராதோர் பலர். எஞ்சியோரும் மீண்டோரும் தோட்டத்தையும் கடலையும் பனையையும் புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணத்தையும் நம்பி வாழ்கின்றனர்.

இவ்வூரிலே முப்பத்தைந்து வயதை எட்டிய ஒருத்தியைக் கற்பனை செய்யலாம். கணவன் கடற்றொழில் செய்பவனாகவோ வெளிநாட்டிலே உழைப்பவனாகவோ இருக்கலாம். போரிலே அவனை இழந்தவளாகவும் அவள் இருக்கலாம். இலங்கையிலே 1996ஆம் ஆண்டு முதல் சுகதேகிகளான பெண்களுக்கென்றே கிளினிக்குகள் நடத்தப்பட்டு வருகின்றன. ‘வெல் வுமன் கிளினிக்’ என அழைக்கப்படும் அவற்றிலே முப்பத்தைந்து வயதை அடைந்தோர் முதன்மையாக அழைக்கப்படுகின்றனர். பின்னர் நாற்பத்தைந்து வயதினரும் சேர்க்கப்பட்டனர். இரத்த அழுத்தமும் சலரோகமும் மார்பகமும் அங்கு பரிசோதிக்கப்படுவதோடு பப் பரிசோதனையும் செய்யப்படுகின்றது. கட்டணம் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து அழைப்பதும் வழக்கம்.

அவள் ஏன் போகாதிருக்கலாம்? நாணம் என்று உடனே விடை கூறுதல் எளிது. ஆயின் அவ்விடை வேறு பலவற்றை மறைத்துவிடுகின்றது. நோவொன்றுமில்லாத நாளிலே வேலையை விட்டுச் செல்வது அவளுக்குப் பொருளற்றதாகத் தோன்றலாம். கிளினிக் நடைபெறும் நாளும் கூலி கிடைக்கும் நாளும் ஒன்றாக அமையலாம். வயது முதிர்ந்த மாமியையும் சிறு பிள்ளையையும் பார்க்க ஆளில்லாதிருக்கலாம். அழைக்க வரும் உத்தியோகத்தர் அயலவராகவோ தூரத்து உறவினராகவோ இருப்பின், பரிசோதனையின் முடிவு தன் வாசலைத் தாண்டிச் செல்லும் என்ற அச்சம் எழலாம். ‘அவ ஏன் கிளினிக்குக்குப் போனவ?’ என்ற கேள்வி சிறிய ஊரிலே சிறிய கேள்வியன்று.

முடிவிலே ஐயம் இருப்பின் அவள் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியிருக்கும். புற்றுநோய் உறுதியாயின் தெல்லிப்பழைக்குப் பலமுறை பயணம் செய்தல் வேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்தின் மூலம் திரட்டிய நிதியைக் கொண்டு அமைக்கப்பட்டது. போர்க்காலத்திலே, சிறப்பாக 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், மகரகமை வரை செல்லவேண்டிய வடபகுதி நோயாளர்பட்ட இன்னலோடு ஒப்பிடின் இது பெருமாற்றம். எனினும் நெடுந்தீவுப் பெண்ணுக்குத் தெல்லிப்பழை இன்றும் ஒரு கடலும் பல பேருந்துகளும் கடந்த இடமே.

எனவே நாணத்தின் மேல் முழுப்பழியையும் சுமத்துவது, தூரத்தையும் வறுமையையும் அமைப்பின் குறையையும் ஒரு பெண்ணின் மனத்துள்ளே ஒளித்துவைப்பதாகும். தடைகள் நீக்கப்பட்ட இடங்களிலே கிராமத்துத் தமிழ்ப் பெண்கள் பரிசோதனைக்கு வந்துள்ளனர். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்திலே 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வொன்றிலே, பயிற்சி பெற்ற தாதியர் கிராமந்தோறும் சென்று, நீர்த்த அசற்றிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய முறையினால் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையான பெண்களைப் பரிசோதித்தனர். பரிசோதிக்கப்பட்ட குழுவிலே இந்நோயினால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது என 2007இல் வெளியான முடிவு காட்டியது. அங்கும் நாணம் இருந்திருக்கும். ஆயின் வாசலுக்கு வந்த தாதியும் சில நிமிடப் பரிசோதனையும் அதனைத் தாண்ட உதவின.

தடுப்பும் இசைவும்

இவ்வாறு கூறும்போது எதிர்த்திசையிலுள்ள ஆபத்தையும் மறந்துவிடலாகாது. நன்மை செய்வதாகக் கூறிக்கொண்டு பெண்களின் உடலை அவர்கள் அறியாமலே பயன்படுத்திய வரலாறும் இந்நோயோடு சேர்ந்தே வருகின்றது. 1951இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண்ணான ஹென்றியெற்றா லக்ஸின் உயிரணுக்கள், அவரது அனுமதியின்றியே எடுக்கப்பட்டு உலகெங்கும் ஆய்வுகூடங்களிலே வளர்க்கப்பட்டன. அவ்வுயிரணுக்களிலே 18ஆம் வகை எச்.பி.வி. இருப்பது பின்னர் அறியப்பட்டது.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலே ஒரு மகளிர் வைத்தியசாலையில், புற்றுநோய்க்கு முந்திய நிலையிலிருந்த பெண்கள் 1966ஆம் ஆண்டு முதல் போதிய சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டனர். தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அவர்கள் அறியார். 1987இல் சண்ட்றா கோனி, பிலிடா பங்கிள் ஆகிய இருவர் எழுதிய கட்டுரை இதனை வெளிக்கொணர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்றைட்டின் விசாரணை அறிக்கை 1988இல் வெளியாயிற்று. போதிய சிகிச்சை பெறாதோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு முப்பது ஆண்டுகளுள் புற்றுநோய் தோன்றியது என்றும், முறையான சிகிச்சை பெற்றோரில் அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு என்றும் 2008இல் வெளியான கணிப்பு காட்டியது. முந்திய நிலையிலே சிகிச்சை அளித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனிலும் வலுவான சான்று அரிது. அச்சான்று அநீதியினாலே பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவுகூர்தல் வேண்டும். மனிதரை வெறுங்கருவியாக நடத்தலாகாது என்ற இமானுவேல் காண்டின் கோட்பாடு மீறப்பட்டதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. திண்டுக்கல் முதலிய இந்திய ஆய்வுகளிலே ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட பெண்கள் பரிசோதிக்கப்படாது விடப்பட்டமையும் பின்னர் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயிற்று.

தடுப்பூசியிலும் இவ்வினா எழுந்தது. 2009இல் ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றும் திட்டம் ஒன்று நடைபெற்றது. சில சிறுமியரின் இறப்பை அடுத்து 2010 ஏப்ரலிலே அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமெனக் காணப்படவில்லை. ஆயின் பல சிறுமியர் சார்பிலே பெற்றோருக்குப் பதிலாக விடுதிப் பொறுப்பாளரும் தலைமையாசிரியரும் இசைவுப் பத்திரங்களிலே ஒப்பமிட்டிருந்தமை வெளியாயிற்று. இந்திய நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்து குற்றமற்றதாயிருந்தும் வழங்கிய முறை குற்றமுடையதாயிருந்தமையால், மக்களின் நம்பிக்கை மருந்தின் மீதும் குன்றியது.

இலங்கை 2017ஆம் ஆண்டிலே இத்தடுப்பூசியைத் தேசியத் திட்டத்திலே சேர்த்து, ஆறாம் தரத்திலே பயிலும் சிறுமியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரு தடவை பாடசாலையிலேயே ஏற்றத் தொடங்கியது. தொற்று ஏற்பட முன்னரே ஏற்றப்படுவதாலேயே இது பயனுடையதாகின்றது; ஏற்கெனவே உள்ள தொற்றை இது அகற்றாது. சுவீடனிலே பதினேழு வயதுக்கு முன்னர் தடுப்பூசி பெற்றோரில் இப்புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாறாயினும் பத்து வயதுச் சிறுமி தன் இசைவைத் தானே அளிக்க இயலாதவள். அவளுக்காகப் பெற்றோர் தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானம் உண்மையான தீர்மானமாக இருத்தற்கு, ஊசி எதற்கானது என்பது அவர்களுக்கு ஒளிவு மறைவின்றிக் கூறப்படல் வேண்டும். ‘ஏதோ ஒரு தடுப்பூசி’ என்று கூறிக் கூச்சத்தைத் தவிர்த்துக்கொள்ளும் ஆசிரியரும் தாயும், பாதுகாப்பைக் கொடுத்து அறிவை மறுக்கின்றனர். அச்சிறுமியே பின்னர் முப்பத்தைந்து வயதிலே பரிசோதனைக்கு வரவேண்டியவள். தடுப்பூசி எல்லா வகை வைரசையும் தடுப்பதில்லையாதலின் பரிசோதனை அவளுக்கும் தேவை. இன்று காக்கப்படும் மௌனம் அன்று அவள் கால்களைத் தடுக்கும்.

பொறுப்பும் நாணும்

தீங்கு செய்தலுக்கும் தீங்கைத் தடுக்காதிருத்தலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மெய்யியலாரிடையே நெடுங்காலமாக ஆராயப்படுவது. பீற்றர் சிங்கர் 1972இல் எழுதிய கட்டுரையிலே, குளத்திலே அமிழும் குழந்தையைச் சிறு இழப்புடன் காப்பாற்றக்கூடியவன் காப்பாற்றாது விடுதல் குற்றமே என வாதிட்டார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இவ்வெடுத்துக்காட்டை மேலும் கடினமாக்குகின்றது. இங்கு அமிழ்பவள் கூக்குரல் இடுவதில்லை. அமிழ்வதை அவளே அறியாள். ஆகவே கடமை கூக்குரல் கேட்டு ஓடுவதோடு அமையாது, கேளாதபோதும் தேடிச் செல்லுதலாக விரிகின்றது. தேடிச் செல்லும் கடமை தனியொருவரால் நிறைவேற்றத்தக்கதன்று. அரசு கிளினிக்கை நடத்துகின்றது. உத்தியோகத்தர் வீடு தேடி வருகின்றார். ஆயினும் அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அயலவள், சமையலைப் பொறுப்பேற்கும் கணவன், நாள் கூலியை வெட்டாத முதலாளி, வாய்விட்டுப் பேசும் ஆசிரியை ஆகியோர் இல்லாதவிடத்து அக்கிளினிக் கதவு திறந்திருந்தும் திறவாததே.

2020ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிப்பதற்கு மூன்று இலக்குகளை வகுத்தது. 2030க்குள் சிறுமியருள் 90 சதவீதத்தினருக்குப் பதினைந்து வயதுக்குள் தடுப்பூசி. பெண்களுள் 70 சதவீதத்தினருக்கு முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும் உயர்தரப் பரிசோதனை. நோய் காணப்பட்டோருள் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. இவ்வெண்களைச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்குகளாக மட்டும் கொள்வது போதாது. ஒரு சமூகம் தன் பெண்களின் உயிரை எவ்வளவுக்கு மதிக்கின்றது என்பதன் அளவீடுகளாகவும் அவற்றைக் கொள்ளலாம்.

இனி, தொடக்கத்திலே எழுந்த வினாவுக்கு விடை காணலாம். நாண் என்பது தகாத செயலைப் பற்றியதாயின், நோயுற்ற பெண்ணிடம் அதற்கு இடமில்லை. அவள் தகாதது எதனையும் செய்திலள். தடுக்க வழியிருந்தும் அவ்வழியை எட்டாத் தூரத்திலே வைத்தல், பேசவேண்டியதைப் பேசாது விடுதல், பரிசோதனைக்குச் சென்றவளைப் பற்றிப் படலையிலே நின்று கதைத்தல், இசைவு பெறாது மற்றொருவர் உடலிலே கைவைத்தல் ஆகியனவே தகாத செயல்கள். அவற்றைச் செய்தோருக்கும் செய்யக் கண்டு வாளாவிருந்தோருக்கும் நாண் உரியது. அவ்விடத்துக்கு நாண் திரும்புமாயின், வேலணைப் பெண் கிளினிக்குக்குச் செல்லும் பாதையிலே தலைகுனிந்து நடக்கவேண்டிய தேவை இராது.